வேர் உடைத்ததா, உடைந்ததில் வேர் போனதா?

மரநிழல்:
நேற்று மரம் வளர்ப்பு இழையில் ரசமட்டம் ஐயா ஒரு தீர்ப்பு எழுதியிருந்தார்: ‘நிலத்தடி ட்ரைனேஜ் பைப்பை உடைப்பது வேப்பமர வேர்தான். மரத்தை எடுத்துவிட்டு அப்புறம் பைப்பைத் தொடு.’ என் பக்கத்து வீட்டுக்காரர் அதை அப்படியே எனக்கு வாட்ஸப்பில் அனுப்பி, கூடவே ஒரு கோடாலிப் படமும் போட்டிருக்கிறார். ஐயாவுக்கு நன்றி.

போன வாரம்தான் எங்கள் நங்கநல்லூர் வீட்டில் தோண்டினோம். 1986இல் கட்டிய வீடு. 4 அங்குல ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) பைப், இரண்டிரண்டு அடித் துண்டாகச் சேர்த்தது. ஒரு ஜாயின்ட்டில் சிமென்ட் உதிர்ந்து, உள்ளே வைத்த சணல் மக்கி, என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குச் சந்து. கொத்தனார் அதன் வழியாக வந்த வேரைப் பிடித்து இழுத்தார். நாலடி நீளத்துக்குச் சவுரி மாதிரி வந்தது, பைப்பின் உருண்டை வடிவம் அப்படியே பதிந்து. படம் கீழே. சந்து முதலில் வந்தது, வேர் அப்புறம். வேர் உடைக்கவில்லை.

ரசமட்டம்:
தம்பி, 31 வருடம் சைட்டில் நின்றவன் நான். வேர் நுழையும்போது தலைமுடி மாதிரிதான் நுழையும். நாலு வருடத்தில் கட்டைவிரல் தடிமன் ஆகிவிடும். மதில் சுவரைப் பிளக்கிற வேருக்கு மண் பைப் எம்மாத்திரம்? நீங்கள் போட்ட படத்திலேயே சாக்கெட் (அடுத்த துண்டு நுழைகிற அகன்ற வாய்) விண்டு கிடக்கிறதே, அது யார் வேலை? வேர்தான் உடைத்தது.

மரநிழல்:
விண்ட விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். கன்னங்கரேல் என்று இருக்கிறது. பழைய உடைப்பு. வேர் போன வருடம் உடைத்திருந்தால் உள்மண் நிறம் தெரியும்.

ரசமட்டம்:
சாக்கடைக்குள் ஒரு மாதம் கிடந்தாலே எதுவும் கறுக்கும். விளிம்பு என்ன பால் நிறத்திலா இருக்கும்?

அமைதி70:
ஒரு சின்னக் கேள்வி. இங்கே ‘உடைந்தது’ என்று எதைச் சொல்கிறோம்? பைப்பில் விரிசலா, ஜாயின்ட் விட்டுப்போனதா, மண் அமுங்கிப் பைப் தொய்ந்ததா? மூன்றுக்கும் ரிப்பேர் வேறு வேறு ஆயிற்றே.

இலைச்சாப்பாடு:
நான் மெஸ் வைத்திருக்கிறேன். சுற்றி நூறடிக்கு ஒரு மரம் கிடையாது. மூன்று தடவை தரையைப் பெயர்த்தாயிற்று. முதல் தடவை அடைத்தபோது வந்த பிளம்பர் ஆசிட் ஊற்றச் சொன்னார். ஆறு மாதம் வாராவாரம் ஊற்றினேன். அடைப்பும் போனது, ஜாயின்ட்டில் இருந்த சிமென்ட்டும் சேர்ந்து போனது. ஒரு நாள் மாவு அரைக்கிற இடத்தில் டைல்ஸ் அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. கீழே பார்த்தால் மண்ணெல்லாம் ஊறிக் கூழாகக் கிடந்தது. ரசமட்டம் சார், எங்கள் கடையில் உடைத்தது எந்த வேர்? கறிவேப்பிலையா?

ரசமட்டம்:
ஓட்டல் விஷயம் வேறு. அடுப்படித் தண்ணீரை, எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் தொட்டி வைக்காமல் நேராகப் பைப்பில் விட்டால் கொழுப்பு படியத்தான் செய்யும். வாட்டமும் இருந்திருக்காது. 4 அங்குலப் பைப்புக்கு 40க்கு 1, 6 அங்குலத்துக்கு 60க்கு 1. அதாவது 4 அங்குலப் பைப்புக்குப் பத்தடிக்கு மூன்று அங்குலம் இறக்கம் வேண்டும். உங்களுக்கு எவனோ கண் மட்டத்தில் போட்டிருக்கிறான். கேள்வி வேப்பமரம் பற்றியது. வேர்தான் உடைத்தது.

இலைச்சாப்பாடு:
எங்கள் வாட்டத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டீர்களே, உங்களுக்குக் கண் மட்டம் நன்றாகவே வருகிறது.

தேம்ஸ்கரை:
இங்கே லண்டனில் இதற்கெல்லாம் தோண்டுவதே குறைவு. கேமரா விட்டுப் பார்ப்பார்கள். ரெசினில் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) ஊறிய துணிக்குழாயைப் பைப்புக்குள் விட்டு, ஊதி, சுடுநீரோ ஆவியோ கொடுத்து இறுக வைப்பார்கள். பழைய பைப்புக்குள் புதுப் பைப். எரிக் உட் என்பவர் 1971இலேயே இந்த ஊரில் செய்து காட்டிவிட்டார். இன்னொன்று: இங்கே களிமண். கோடையில் மரம் தண்ணீரை உறிஞ்சினால் மண் சுருங்கி, பைப் அசைந்து ஜாயின்ட் விட்டுவிடும். அப்புறம் கசிகிற ஈரத்தைத் தேடி வேர் வரும்.

ரசமட்டம்:
பார்த்தீர்களா! லண்டன்காரரே சொல்லிவிட்டார், மரம்தான் காரணம்.

மரநிழல்:
ஐயா, கடைசி வரியை விட்டுவிட்டீர்கள். ஜாயின்ட் முதலில் விட்டது, வேர் அப்புறம் வந்தது. இதைத்தானே நான் முதல் பதிவில் சொன்னேன்? மரம் மண்ணைச் சுருக்கியது என்பதும் வேர் பைப்பை உடைத்தது என்பதும் ஒன்றா?

ரசமட்டம்:
வேர் இல்லாமல் மரம் எதை வைத்து உறிஞ்சும், ஸ்ட்ராவா? அப்புறம், தேம்ஸ்கரை அவர்களே, தொய்ந்த பைப்புக்குள் துணி விட்டால் துணியும் தொய்ந்துதான் நிற்கும். பள்ளத்தில் மலம் தேங்கத்தான் செய்யும். இதையெல்லாம் படத்தில் பார்த்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

தேம்ஸ்கரை:
படத்தில் பார்க்கவில்லை. என் வீட்டிலேயே போட்டிருக்கிறேன். சம்ப் கசிவு இழையிலும் என்னை இப்படித்தான் விரட்டினீர்கள். கடைசியில் அங்கே யார் சொன்னது சரி என்று எல்லோருக்கும் தெரியும்.

ரசமட்டம்:
சம்ப் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. வேண்டுமானால் அந்த இழைக்குப் போவோம்.

குடோன்கார்:
எதற்கு இவ்வளவு பேச்சு? எங்கள் குடோனில் ஒன்பதடி ஆழ சேம்பர் (சாக்கடைத் தொட்டி). ஆளை இறக்கி வேரை வெட்டினோம். ஆயிரத்தைந்நூறு ரூபாய். ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

இலைச்சாப்பாடு:
முடிந்தது என்று எவ்வளவு சுலபமாக எழுதுகிறீர்கள். பாதுகாப்புக் கருவி எதுவும் இல்லாமல் சாக்கடைக்குள் ஆள் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம். ஒன்பதடிக் குழியில் விஷவாயு இருந்தால் கயிற்றை இழுக்கக்கூட நேரம் இருக்காது. இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவு போட்டது. ஆயிரத்தைந்நூறாம்.

குடோன்கார்:
அவராகத்தான் இறங்கினார். நான் தள்ளிவிடவில்லை.

இலைச்சாப்பாடு:
இதை எழுதக் கூச்சமாக இல்லையா உங்களுக்கு?

அமைதி70:
விரிசலா, ஜாயின்ட்டா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

ரசமட்டம்:
சண்டையை விடுங்கள். மரநிழல் தம்பிக்காக முறையை எழுதுகிறேன், பின்னால் என்னைக் குறை சொல்லக்கூடாது. ஸ்டோன்வேரை ஒட்டுப்போட்டு வைக்காதீர்கள். சேம்பருக்குச் சேம்பர் மொத்தமாக எடுத்துவிட்டு பிவிசி போடுங்கள். இரண்டடிக்கு ஒரு ஜாயின்ட் இருந்த இடத்தில் பத்தடிக்கு ஒன்று என்றாகிவிடும். அடியில் நாலு அங்குலம் மணல் பரப்பி, ரசமட்டம் வைத்து வாட்டம் பார்த்து, ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவித் தள்ளுங்கள். தோண்டியெடுத்த செங்கல் ஜல்லியை அப்படியே மேலே கொட்டி மூட விடாதீர்கள், பைப் நசுங்கிவிடும். மூடுவதற்கு முன்னால் கீழ் சேம்பர் வாயை அடைத்துத் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் பாருங்கள், மட்டம் இறங்குகிறதா என்று. கொத்தனார் ‘அதெல்லாம் வேண்டாம் சார்’ என்பார், விடாதீர்கள். இத்தனையும் செய்த பிறகும் அந்த மரம் அங்கேயே நின்றால், மறுபடியும் வேர் உடைக்கும்.

மரநிழல்:
எல்லாம் சரி ஐயா, குறித்துக்கொண்டேன். ஆனால் நீங்களே சொல்கிறீர்கள், ஜாயின்ட் குறைந்தால் நல்லது என்று. வேர் பைப்பையே உடைக்கும் என்றால் ஜாயின்ட் எத்தனை இருந்தால் என்ன?

ரசமட்டம்:
குதர்க்கம் பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்வதில்லை.

ரசமட்டம்:
ஒன்று மட்டும் சொல்கிறேன். படத்தில் விளிம்பின் ஒரு பக்கம்தான் தெரிகிறது. அந்தக் கறுப்பு மறுபக்கமும் இருக்கிறதா? வேர் நெட்டின பக்கம் அதுதான். அந்தத் துண்டைத் திருப்பி வைத்து ஒரு படம் போடுங்கள், பார்ப்போம்.

மரநிழல்:
அந்தத் துண்டு இப்போது இல்லை. கொத்தனார் குப்பையோடு சேர்த்து வண்டியில் ஏற்றிவிட்டார்.

ரசமட்டம்:
ஏற்றிவிட்டாராம்.