புதுப்பிப்பு: வைஃபை அடாப்டர் சிக்கல் தீர்ந்தது

பென்டிரைவில் எதையாவது காப்பி செய்தாலே டெஸ்க்டாப்பின் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் இணைப்பை விட்டுவிடுகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா? அடாப்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை மூன்று முறை அழித்து மறுபடி போட்டது வீண் வேலை. குற்றவாளி பக்கத்து யூஎஸ்பி 3.0 போர்ட்! அதில் தரவு ஓடும்போது எழும் மின்காந்த இரைச்சல், என் வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுமாம். சிப் நிறுவனமான இன்டெல் இதை 2012லேயே எழுதி வைத்திருக்கிறது. போதாக்குறைக்கு அடாப்டர் கணினியின் இரும்புப் பெட்டியின் முதுகில், சுவரைப் பார்த்தபடி இருந்தது.

ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, யூஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகி, அடாப்டரை மேசைமேல் வைத்தேன். அப்புறம் ஒரு தடவைகூட அறுபடவில்லை. 2.0 போர்ட் 480 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) வேகம் வரை தாங்கும். என் 150 எம்பிபிஎஸ் அடாப்டருக்கு அது தாராளம். இந்த இரைச்சலைத் தவிர்க்க 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறச் சொன்னவர்களுக்கு: யோசனை சரிதான், இந்த அடாப்டரில் அது கிடையாதே!