இறுதி வருட ஆய்வேடு: தலைப்பை எவ்வளவு சுருக்குவது?

கேள்வி (புவியியல், மூன்றாம் வருடம்)

யாழ்ப்பாணத்தில் புவியியல் சிறப்புக்கலை பயில்கிறேன். "வலிகாமத்தில் நிலத்தடி நீர் மாசடைதல்" என்று நான் எழுதிக் கொடுத்த முன்மொழிவை, ஒருவர் ஒரு வருடத்தில் முடிக்கக்கூடிய வேலையல்ல என்று மேற்பார்வையாளர் திருப்பித் தந்துவிட்டார். செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் இடும் பசளை, சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே கிணறுகளைச் சென்றடைகிறது. எங்கள் வீட்டுக் கிணற்று நீரை நாங்களே இப்போது குடிப்பதில்லை என்பதால், இந்த விடயத்தைக் கைவிட எனக்கு மனமில்லை. வேறு துறைகளில் ஆய்வேடு எழுதியவர்கள் எவ்வாறு சுருக்கினீர்கள்?

மறுமொழி (இரசாயனவியல் பட்டதாரி)

தங்கச்சி, விடயத்தைக் கைவிட வேண்டாம். பசளையிலிருந்து நீரில் கரைந்து சேரும் நைத்திரேற்றை மட்டும் எடுத்து, ஒரே கிராமத்தில் 12 கிணறுகளைத் தெரிந்து, வடகீழ்ப் பருவமழைக்கு முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு இருப்பதால், ஒப்பிடுவதற்கு உங்களுக்கு உறுதியான ஓர் எல்லையும் கிடைக்கும். போத்தலை அந்தக் கிணற்று நீராலேயே மூன்று முறை அலசிவிட்டு நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து இரண்டு நாட்களுக்குள் ஆய்வுகூடத்தில் கொடுத்துவிட வேண்டும். கிணற்று இலக்கத்தைப் பென்சிலால் எழுதுங்கள். நான் பேனாவால் எழுதியது பெட்டிக்குள் கரைந்துபோய், ஐந்து போத்தல்கள் எந்தக் கிணற்றுக்குரியவை என்று தெரியாமல் போயின. அதற்குள் மழையும் தொடங்கிவிட்டதால், மழைக்கு முந்திய நீரை மீண்டும் எடுக்க வழியிருக்கவில்லை.

மறுமொழி (வரலாற்றுப் பட்டதாரி)

துலா மிதித்து இறைத்த தோட்டங்களுக்கு நீரிறைக்கும் இயந்திரம் வந்த கதையே என் ஆய்வேடு. முதியவர்கள் எல்லோரும் "அந்தக் காலத்தில்" என்றே சொன்னார்கள். 1964ஆம் ஆண்டுப் புயலுக்கு முன்னரா, பின்னரா என்று கேட்கத் தொடங்கிய பிறகே காலவரிசை பிடிபட்டது. நீங்களும் நீரை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், அந்தத் தோட்டத்தில் எப்போது இயந்திரம் பூட்டினார்கள், போகத்துக்கு எத்தனை மூடை பசளை இடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் இரு கிணறுகள் ஏன் வேறுபடுகின்றன என்பதற்கான காரணம் அந்தப் பேச்சில்தான் கிடைக்கும்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. "ஒரு கிராமத்தின் 12 தோட்டக் கிணறுகளில் மழைக்கு முன்னும் பின்னும் நைத்திரேற்றும், அங்கு இடப்படும் பசளையும்" என்று மாற்றி எழுதியுள்ளேன். திங்கட்கிழமை மேற்பார்வையாளரிடம் கொடுக்கிறேன்.