சொந்த வளவுக்குள் பட்டா (சின்ன லொறி) நிறுத்தக் கூடாது என்று தீர்மானம் எடுத்திருக்கிறார்கள், இது செல்லுமா?

கோண்டாவில் பட்டா:
வணக்கம். விடயம் தெரிந்தவர்கள் பதில் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் ஒரு கையொழுங்கையில் இரண்டு பரப்பு வளவு எங்களுடையது. ஒழுங்கையில் மொத்தம் ஒன்பது வீடுகள், நாங்கள் நடுவில். ஒரு பட்டா வைத்து மரக்கறி ஏற்றுகிறேன். விடியப்புறம் மூன்றரைக்கு வெளிக்கிட்டால்தான் உரும்பிராய்ப் பக்கத் தோட்டங்களில் ஏற்றிக்கொண்டு நேரத்துக்குத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போகலாம்.

போன ஞாயிறு சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்து, "வியாபார வாகனங்களை இரவில் ஒழுங்கையிலோ வீட்டு வளவுகளிலோ நிறுத்துவது தடை, மீறினால் நிலையத்துக்கு 5,000 ரூபாய்" என்று தீர்மானித்திருக்கிறார்கள். நான் கூட்டத்துக்குப் போகவில்லை. அந்த நேரம் நான் நித்திரை. கடிதம் படலையில் செருகிக் கிடந்தது.

கார்களுக்குத் தடை இல்லை. லண்டனிலிருந்து வந்தவர் வாடகைக்கு எடுத்த வான் ஒரு மாதம் ஒழுங்கையிலேயே நின்றது, அதற்கும் இல்லை. மரக்கறிக்கு மட்டும்தான் சட்டம். நான் காசு கட்ட வேண்டுமா? பொலிசுக்குப் போகலாமா?

வடலி:
கடிதத்தைச் சுருட்டி அடுப்பில் வையுங்கள். உங்கள் காணி, உங்கள் வாகனம். மதிலுக்குள் நீங்கள் யானை கட்டினாலும் அவர்களுக்கு என்ன?

பழைய நொத்தாரிசு:
யானைக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும், தம்பி வடலி.

பட்டாத் தம்பி, பதில் சொல்வதற்கு முன் உங்களிடம் சில கேள்விகள். ஒழுங்கை பிரதேச சபையுடையதா, அல்லது காணிக்காரர் விட்டுக்கொடுத்த பாதையா? காணி உறுதியில் (பத்திரத்தில்) எப்படி எழுதியிருக்கிறது? வாகனம் எப்போதும் வளவுக்குள்தானா? கடைசிக் கேள்விக்கு மறைக்காமல் பதில் எழுதுங்கள்.

கோண்டாவில் பட்டா:
உறுதியை எடுத்துப் பார்த்தேன் ஐயா. "வழிவாய்க்கால் பங்கும் கிணற்றுப் பங்கும்" என்று இருக்கிறது. நில அளவைப் படத்தில் 10 அடிப் பொதுப் பாதை. பாட்டனின் காணியைப் பிரித்தபோது விட்டதாம்.

மறைக்கவில்லை. மழை பெய்தால் வளவு சேறு, ரயர் புதைந்துவிடும். கேற்றும் ஏழரை அடிதான், இருட்டில் கண்ணாடியை மடக்கித்தான் நுழைக்க வேண்டும். அதனால் ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் அநேகமான இரவுகளில் ஒழுங்கையில் மதிலோடு அணைத்து நிறுத்திவிடுவேன். மோட்டார் சைக்கிள் போக இடம் இருக்கும்.

பழைய நொத்தாரிசு:
அப்படியென்றால் இரண்டு விடயங்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வளவுக்குள் நிறுத்துவதைத் தடுக்கவும் தண்டம் அறவிடவும் சனசமூக நிலையத்துக்கு அதிகாரம் இல்லை. பிரதேச சபை கூட நினைத்தவுடன் விதி போட முடியாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி உபவிதி இயற்றி, அங்கீகாரம் பெற்று, வர்த்தமானியில் வெளியிட வேண்டும். 5,000 ரூபாயைக் கட்ட வேண்டாம்.

ஆனால் ஒழுங்கையில் நீங்கள் வலுவில்லாத பக்கத்தில் நிற்கிறீர்கள். வழிவாய்க்கால் என்பது போய்வரும் உரிமை. நிறுத்தி வைக்கும் உரிமை அல்ல. உங்களுக்கு அப்பால் நான்கு வீடுகள் இருக்கின்றன. நீங்களே பொலிசுக்குப் போய், சண்டை முற்றி அமைதி குலையும் என்று அவர்கள் கருதினால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் விடயம் நீதிமன்றுக்குப் போகும். பிறகு சந்தைக்குப் போகிற நேரத்தில் நீங்கள் நீதிமன்ற வாசலில் நிற்பீர்கள். பேசித் தீராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988இல் சட்டம் வந்ததே இப்படியான வழக்குகளுக்குத்தான். அங்கே தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், இணக்கம் வந்தால் எழுதித் தருவார்கள், வராவிட்டால் வரவில்லை என்று எழுதித் தருவார்கள்.

புளோரிடாவிலிருந்து ஒரு இணுவிலான்:
இங்கே வீட்டு உரிமையாளர் சங்கம் விதி போட்டால் செல்லும். வாசலில் பிக்கப் நிறுத்தியதற்குத் தண்டம் கட்டியவர்கள் எத்தனையோ பேர். வீடு வாங்கும்போதே அந்த நிபந்தனைகள் காணியோடு பதியப்பட்டு வருகின்றன, அதுதான் காரணம். அப்படியிருந்தும் இங்கே 2024இல் மாநிலமே சட்டம் போட்டு, சொந்த வாகனத்தையும் பிக்கப்பையும் தன் வீட்டு வாசலில் நிறுத்துவதைச் சங்கம் தடுக்க முடியாது என்று ஆக்கிவிட்டது. பெரிய வியாபார லொறிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. உங்கள் உறுதியில் நிபந்தனை ஏதும் இல்லையே, பிறகு ஏன் பயம்?

மூன்றாம் வீட்டுக்காரி:
உங்கள் ஒழுங்கை இல்லை, ஆனால் எனக்கும் பக்கத்து வீட்டில் பட்டா இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், ஒன்று கேட்கிறேன். வளவுக்குள் விடும்போது முன்பக்கமாக விடுகிறீர்களா, பின்பக்கமாகவா?

கோண்டாவில் பட்டா:
முன்பக்கமாக. களைத்து வருகிற நேரத்தில் யார் திருப்பிக்கொண்டு நிற்பது?

மூன்றாம் வீட்டுக்காரி:
அதைத்தான் நினைத்தேன். அப்படியென்றால் மூன்றரைக்கு றிவேர்ஸில் வெளியே எடுக்கிறீர்கள். "பீப் பீப்" என்று ஒழுங்கை முழுக்க எழும்புகிறது. எங்கள் பக்கத்து வீட்டாரும் அப்படித்தான். அவரை ஒரு நாள் மறித்து, பின்னேரம் ஏழு மணிக்கே பின்பக்கமாக விடச் சொன்னேன். ஏழு மணிக்கு யாருக்கும் நித்திரை இல்லை. விடியப்புறம் நேரே உருட்டிக்கொண்டு போகிறார். சிலவேளை போனதே எங்களுக்குத் தெரியாது.

கடிதத்தில் முதல் கையொப்பம் யாருடையது? அவருடைய வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

கோண்டாவில் பட்டா (இரண்டு கிழமைக்குப் பிறகு):
போனேன். கையொப்பம் வைத்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார், எங்களுக்கு அப்பால் மூன்றாம் வீடு. நான் உறுதிப் பிரதியையும் கொண்டுதான் போனேன், சண்டைக்கு ஆயத்தமாக.

அவர் தேத்தண்ணீர் தந்துவிட்டுச் சொன்னார். கார்த்திகையில் ஒரு இரவு அவருடைய மனைவிக்கு நெஞ்சுவலி. அம்புலன்ஸ் என் பட்டாவைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டது. கதிரையில் இருத்தி, மழைக்குள் ஒழுங்கை வாசல் வரைக்கும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இப்போது அந்த அம்மா சுகமாக இருக்கிறார். என் கதவைத் தட்டினார்களாம், நான் எழும்பவில்லை. அதன் பிறகு யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. நேரே தீர்மானம் எழுதிவிட்டார்கள். அது எனக்கு இன்னும் கோபம்தான், ஆனால் உறுதிப் பிரதியை நான் பையிலிருந்து எடுக்கவில்லை.

வளவுக்குள் இரண்டு லோட் கிரவல் பறித்துவிட்டேன். கேற் தூண் ஒன்றை இடித்து ஒன்பதரை அடியாக்கியாயிற்று. பின்னேரமே பின்பக்கமாக விடுகிறேன். தீர்மானம் இன்னும் அறிவித்தல் பலகையில்தான் இருக்கிறது, 5,000 ரூபாயை யாரும் கேட்கவில்லை.

ஒரு சந்தேகம் மிச்சம். அந்த லண்டன்காரர் நல்லூர்த் திருவிழாவுக்குத் திரும்பவும் வருகிறாராம், வானோடு. 25 நாளும் நிற்குமாம். அதை யார் வாத்தியாரிடம் சொல்வது?

வடலி:
நான் சொல்கிறேன், விலாசத்தைத் தாருங்கள்.

பழைய நொத்தாரிசு:
கொடுத்துவிடாதீர்கள்.