நெதர்லாந்தில் காகிதக்கூழ் பொம்மைகளை விற்க வழி என்ன?

கேள்வி (திருக்கனூர்ப் பெண்):
வணக்கம். புதுச்சேரி திருக்கனூரில் அம்மாவிடம் காகிதக்கூழ் பொம்மை செய்யக் கற்ற நான், கணவரின் வேலை காரணமாக இப்போது உத்ரெக்ட் நகரில் வசிக்கிறேன். வீட்டில் செய்யும் பொம்மைகளை இங்கேயே விற்க விரும்புகிறேன். டச்சு மொழி இன்னும் கைவரவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி (வில்லியனூர் அக்கா):
தங்கையே, குடியிருப்பு அட்டையில் 'தடையின்றி வேலை செய்யலாம்' என்ற குறிப்பு இருந்தால் சுயதொழிலும் செய்யலாம். அடுத்து, கா.வே.கா. எனப்படும் வணிகப் பதிவகத்தில் பதிய வேண்டும். ஆண்டு விற்பனை 20,000 யூரோவுக்கு மேற்படாதவர்கள் சிறுதொழில் வரிச்சலுகையில் சேர்ந்தால், வாடிக்கையாளரிடம் விற்பனை வரி வாங்க வேண்டியதில்லை. ஆனால், நாம் வாங்கும் பொருள்களுக்குக் கட்டிய வரியையும் திரும்பப் பெற முடியாது. மட்பாண்டம் செய்யும் நான், சூளை வாங்கிய ஆண்டிலேயே இதில் சேர்ந்துவிட்டு, அதற்குக் கட்டிய 21 சதவீத வரியை இழந்து மிகவும் வருந்தினேன். பெரிய செலவுகள் இருந்தால் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே சேருங்கள்.

மறுமொழி (கடலூர்க்காரன்):
அரசர் பிறந்தநாளான ஏப்ரல் 27 அன்று தெருவெங்கும் மக்கள் கடை விரிப்பார்கள். நீங்கள் வசிக்கும் உத்ரெக்டில் முந்தைய மாலையே தொடங்கிவிடும். பழைய பொருள்களை மலிவாகத் தேடி வருபவர்களே அங்கு மிகுதி என்பதால், உங்கள் உழைப்புக்குரிய விலையை அங்கே எதிர்பார்க்க வேண்டாம், அம்மா. திருக்கனூர்க் காகிதக்கூழ்க் கலை புவிசார் குறியீடு பெற்றது என்பதை டச்சு மொழியில் சிறு அட்டையாக அச்சிட்டு ஒவ்வொரு பொம்மையுடனும் கொடுங்கள்.

திருக்கனூர்ப் பெண்:
மிக்க நன்றி. அட்டையின் வாசகத்தை இன்றே எழுதத் தொடங்குகிறேன்.