ஃபான்டெல்வர் அட்வென்ச்சரை நடத்தணும், ஆனா பிளேயர் மூணு பேர்தான். புத்தகத்தை எப்படித் தயார் பண்றது?

புதுத்திரை:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையில் கதை சொல்லி, டைஸ் உருட்டி ஆடும் பாத்திர விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். அப்போதைய ஸ்டார்ட்டர் செட்டில் வந்த லாஸ்ட் மைன் ஆஃப் ஃபான்டெல்வர் என்ற அட்வென்ச்சர் (தயார்க் கதை). நான்தான் டிஎம் (கதையையும் எதிரிகளையும் நடத்துபவர்), இதற்கு முன் நடத்தியதில்லை. மூன்று சந்தேகம்:

புத்தகம் 64 பக்கம். அத்தனையும் மனப்பாடமாக இருக்கணுமா, அந்தந்த வாரத்துக்குத் தேவையானதைப் படித்தால் போதுமா?
எழுதியிருப்பது நான்கைந்து பேருக்கு, என்னிடம் மூன்று பேர். எதைக் குறைப்பது?
கதை போகும் பக்கம் போகாமல் பிளேயர்கள் வேறு திசையில் கிளம்பினால்?

கல்வெட்டுப்பூனை:
மனப்பாடம் வேண்டாம். ஆனா வாரம் ஒரு அத்தியாயம்னு படிச்சா கண்டிப்பா மாட்டிப்பீங்க. முதல் அத்தியாயத்துல நடக்கிறதுக்குக் காரணம் கடைசி அத்தியாயத்துலதான் இருக்கு. பிளேயர்களுக்கு வேலை கொடுத்த கண்ட்ரன் ராக்சீக்கரைப் பிடிச்சது யார், எதுக்காகன்னு தெரியாம கோப்ளின் (குட்டி அரக்கன்) குகையை நடத்தினா, பிடிபட்ட கோப்ளின்கிட்ட பிளேயர் கேட்கிற முதல் கேள்விக்கே உங்ககிட்ட பதில் இருக்காது.

அதனால முதல்ல பின்னணிப் பகுதியையும் கடைசி அத்தியாயத்தையும் படிங்க. அப்புறம் முழுப் புத்தகத்தையும் ஒரே மூச்சா, குறிப்பு எதுவும் எடுக்காம ஒரு தடவை. அறை எண், புதையல் கணக்கெல்லாம் இப்போ தேவையில்லை, கண்ணை ஓட்டினா போதும். முடிச்சதும் ஒரே ஒரு தாள் எடுத்து, முக்கியமான ஒவ்வொரு என்பிசிக்கும் (டிஎம் நடிக்கிற பாத்திரம்) மூணு வரி எழுதுங்க: அவனுக்கு என்ன வேணும், அவனுக்கு என்ன தெரியும், யாரும் குறுக்கே வரலைன்னா அடுத்து என்ன செய்வான். அந்த மூணாவது வரியை நிறைய பேர் எழுதுறதில்லை. பிளேயர்கள் ஊரைவிட்டே போனாலும் உலகம் நகர்ந்துக்கிட்டு இருக்கிறது அந்த வரியாலதான்.

செஷனுக்கு முன்னாடி, அன்னிக்கு வரப்போற பகுதியை மட்டும் ஆழமாப் படிங்க. மூணு மணி நேரத்துல சண்டை இரண்டு, மிஞ்சினா மூணு நடக்கும். அதுக்கு மேல தயார் பண்றது பெரும்பாலும் வீண். எதிரியோட எண்களை அட்டையில எழுதி வச்சுக்குங்க. கோப்ளினுக்கு ஏசி (அதை அடிக்க டைஸ்ல எட்ட வேண்டிய எண்) 15, ஹெச்பி (உயிர்ப்புள்ளி) 7, தாக்குதல் +4, சேதம் 1டி6+2 (ஒரு ஆறுமுக டைஸ், கூட 2). கீழே பெருசா ஒரு வரி: ‘போனஸ் ஆக்‌ஷன்ல ஒளியலாம், இல்ல விலகலாம்.’ இதை மறந்தீங்கன்னா கோப்ளின் சும்மா நின்னு அடி வாங்கும். சண்டை நடுவுல புத்தகத்தைப் புரட்டினா மேசையே தூங்கிடும்.

பிளேயர்களுக்கு வாசிக்கச் சொல்லிப் புத்தகத்துல கட்டம் போட்ட விவரணையை அப்படியே வாசிக்காதீங்க. நாலாவது வாக்கியத்துல யாரும் கேட்டுக்கிட்டு இருக்க மாட்டாங்க. இடத்தோட அளவு, வாசல்கள், மூக்குக்கோ காதுக்கோ எட்டுற ஒண்ணு, கடைசியா அசையுற பொருள்னு இந்த வரிசையில சொல்லுங்க. எதிரியை முதல்லயே சொன்னா மத்த விவரணை எதுவும் காதுல ஏறாது, எல்லாரும் டைஸை எடுத்துடுவாங்க.

பகடைக்கணக்கு:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கணக்குப் போட்டே பார்க்கலாம்.

பாதையில் முதல் பதுங்கல் தாக்குதலில் நான்கு கோப்ளின்கள். தலைக்கு 50 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), மொத்தம் 200. மூன்று முதல் ஆறு எதிரிகள் என்றால் கடினத்தை மதிப்பிட இரண்டால் பெருக்க வேண்டும்: 400. முதல் லெவல் ஆளுக்கு எல்லைகள் மிதம் 50, கடினம் 75, மரண அபாயம் 100. ஐந்து பேருக்கு மரண எல்லை 500, ஆகவே இது ‘கடினம்’. நான்கு பேருக்குச் சரியாக எல்லையில் நிற்கிறது. மூன்று பேருக்கு எல்லை 300தான், தாண்டிவிட்டது.

ஒரு கோப்ளினைக் குறைத்தாலும் 150 × 2 = 300, இன்னும் மரண அபாயமே. இரண்டாக்கினால் பெருக்கல் ஒன்றரைக்கு இறங்கி, 100 × 1.5 = 150. மூன்று பேருக்குச் சரியான ‘மிதம்’. நடுவில் ‘கடினம்’ கிடைக்கவே கிடைக்காது. அது வேண்டுமென்றால் இரண்டில் தொடங்கி, ஒன்று விழுந்த பிறகு மூன்றாவதைப் புதரிலிருந்து இறக்குங்கள்.

குறைப்பதை எண்ணிக்கையில் குறையுங்கள், ஹெச்பியில் வேண்டாம். ஒரு சுற்றில் எந்தப் பக்கம் எத்தனை தடவை அடிக்கிறது என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. 7 ஹெச்பியை 4 ஆக்கினாலும் முதல் சுற்றில் நான்கு அடி விழத்தான் செய்யும். கோப்ளின் அடி சராசரி 5.5; 8 ஹெச்பி உள்ள விசார்ட் (மந்திரவாதி) இரண்டு அடியில் சாய்வார்.

கோப்ளின் குகையின் தலைவன் கிளார்க் விஷயத்தில் கவனம். அவன் பக்பேர் (கோப்ளினைவிடப் பெரிய அரக்கன்), 27 ஹெச்பி, அடி 2டி8+2, சராசரி 11. முதல் சுற்றில் எதிர்பாராமல் தாக்கினால் கூடுதலாக 2டி6, மொத்தச் சராசரி 18. ஹெச்பி பூஜ்யமான பிறகு மிஞ்சும் சேதம் அதிகபட்ச ஹெச்பி அளவை எட்டினால் விதிப்படி அந்த இடத்திலேயே சாவு. 8 ஹெச்பி விசார்டுக்கு 16 போதும். அதாவது ஒரு சராசரி அடியே கொன்றுவிடும். மூன்று பேர் குழுவில் கிளார்க்கைப் பதுங்கவிடாதீர்கள், குரல் கொடுத்துக்கொண்டே வரட்டும்.

தோற்றால் என்ன என்பதையும் முன்பே படித்து வையுங்கள். முதல் சண்டையில் பார்ட்டி (பிளேயர் குழு) வீழ்ந்தால் கோப்ளின்கள் கொல்வதில்லை, மயங்கிய நிலையில் விட்டு வண்டியைச் சூறையாடிப் போகும் என்று புத்தகமே சொல்கிறது.

எதிரியைக் குறைத்தால் எக்ஸ்பியும் குறையும். நான்கு கோப்ளின் நான்கு பேருக்கு ஆளுக்கு 50. இரண்டு கோப்ளின் மூன்று பேருக்கு 33தான். மைல்ஸ்டோன் முறைக்கு மாறிவிடுங்கள்: குகை முடிந்தால் லெவல் 2, ரெட்பிராண்ட் ரவுடிக் கும்பலின் மறைவிடம் முடிந்தால் 3.

வழிமாறி:
நாலாவது ஆளா டிஎம்மே ஒரு பாத்திரம் எடுத்து ஆடுறது மட்டும் வேண்டாம். பதில் தெரிஞ்ச ஆள் மேசையில உக்காந்திருந்தா மத்தவங்க யோசிக்கிறதை நிறுத்திடுவாங்க. குகையில மீட்கிற வீரர் சில்டாரை ஊர் வரைக்கும் கூட அனுப்புங்க, அவரோட டைஸை ஒரு பிளேயரே உருட்டட்டும்.

திசை மாறுறது பத்தி: புத்தகத்துல இருக்கிற குறுகலான இடங்களைத் தேடிப் பிடிங்க. எந்தத் தகவல் கிடைக்கலைன்னா கதை நிக்குமோ அது. கிராக்மா கோட்டை (கோப்ளின்களோட தலைமையிடம்) எங்க இருக்குங்கிறது அப்படி ஒண்ணு. அதுக்கு ஒரே வழி வச்சிருந்தா, அந்த ஒரு ஆளைப் பிளேயர்கள் முதல் சுற்றுலயே வெட்டிடுவாங்க. மூணு வழி வைங்க: பிடிபட்ட கோப்ளின், ரெட்பிராண்ட் தலைவன் கிளாஸ்டாஃப் மேசையில ஒரு கடிதம், காட்டை அறிஞ்ச கிராமத்தான். இரண்டைத் தவறவிட்டாலும் ஒண்ணு மிஞ்சும்.

எதையாவது மாத்தணும், தூக்கணும்னா முதல்ல அந்தப் பேர் வேற எங்கெல்லாம் வருதுன்னு பாருங்க. சில்டார் தேடுற இயார்னோ ஆல்பிரெக்தான் கிளாஸ்டாஃப். ரெட்பிராண்ட் பகுதி நீளமா இருக்குன்னு வெட்டினா சில்டாரோட தேடலும் அந்தரத்துல தொங்கும்.

வெனம்ஃபாங் தனிக் கேஸ். இளம் பச்சை டிராகன், 136 ஹெச்பி, விஷமூச்சு 12டி6, சராசரி 42, டிசி 14 கான்ஸ்டிடியூஷன் சேவ் (உடல்வலுவால தாக்குப்பிடிக்க எட்ட வேண்டிய எண் 14). மூணாவது லெவல் ஃபைட்டருக்கே 28 ஹெச்பி பக்கம்தான். ஒரே மூச்சுல மூணு பேரும் தரையில. ‘நிஜமாவே உள்ள போறீங்களா’ன்னு கேட்கிறது எச்சரிக்கை ஆகாது. தூரத்துல இருந்து பறக்கிறதைக் காட்டுங்க, கருகின செடிகளையும் காட்டுங்க. அதையும் மீறிப் போனா பேச விடுங்க, பச்சை டிராகனுக்குப் பேரமும் வஞ்சகமும் பிடிக்கும். ஹெச்பி பாதியானதும் அது பறந்து போயிடும்னு புத்தகத்துலயே இருக்கு.

புதுத்திரை:
நன்றி. இன்னொன்று: மூவரில் ஒருவர் இதே அட்வென்ச்சரை வேறு குழுவில் பாதி வரை ஆடியிருக்கிறார். அவரை என்ன செய்வது?

கல்வெட்டுப்பூனை:
எந்தப் பகுதி வரைக்கும்னு நேரா கேளுங்க. வரைபடத்தை மாத்த வேண்டாம், அதுல வேலை அதிகம், பலன் கம்மி. யார் யாருக்கு வேலை செய்றாங்கங்கிறதை மாத்துங்க. கிளாஸ்டாஃப் முக்கிய வில்லன் கருப்புச் சிலந்திக்கு எதிரா ரகசியமா வேலை செய்றவரா இருந்தா அதே அறை, அதே எண்கள், ஆனா வேற கதை. ஏற்கனவே ஆடினவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: தெரிஞ்சதை வச்சு முடிவெடுக்க வேண்டாம், புதிர் அவிழ்க்கிறது மத்த இரண்டு பேரோட வேலை.

பகடைக்கணக்கு:
வரைபடத்தைத் திரையில் காட்டுவதாக இருந்தால் அறை எண்களும் ரகசியக் கதவுகளும் இல்லாத பிளேயர் பதிப்பைத்தான் காட்ட வேண்டும். டிஎம் வரைபடத்தில் ரகசியக் கதவு ‘எஸ்’ எழுத்தோடு இருக்கும், பாதி ஆடியவர் என்றில்லை, யார் கண்ணிலும் படும்.