புதுப்பிப்பு: போர்தோ–செத் கால்வாய்ப் பாதைக்கு 28 மி.மீ. டயர் போதுமா?

தெற்கு பிரான்ஸில் போர்தோவிலிருந்து செத் வரை கால்வாய்க் கரையோரம் போகும் சைக்கிள் பாதை இது. "முழு வழிக்கும் 28 மி.மீ. அகல டயர் போதும்" என்று முன்பு எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி.

கரோன் கால்வாய்க் கரையில் துலூஸ் வரை பெரும்பாலும் தார்ப் பாதைதான், 28 தாராளம். துலூஸுக்குக் கிழக்கே, கனால் து மிதி கால்வாய்க் கரையிலும் சுமார் 50 கி.மீ. அப்படியே. ஓத் மாவட்டத்துக்குள் நுழைந்தபிறகுதான் வினை. பல இடங்களில் மண் தடம். குறுக்கே, கரையோர நிழலுக்கு நட்ட பிளேன் மரங்களின் வேர்கள் புடைத்து நிற்கும். பாரம் ஏற்றிய சைக்கிளில் ஒல்லி டயர் வேரில் இடித்தால் டியூப் ரிம்மில் நசுங்கி அடுத்தடுத்து இரண்டு ஓட்டை விழும். 38–40 மி.மீ. போடுங்கள். மழை பெய்தால் சேறு மட்கார்டுக்குள் அடைத்துச் சக்கரமே சுற்றாது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி வேண்டும்.

பழைய படங்களில் உள்ள நிழலையும் நம்ப வேண்டாம். 2006இல் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கில் பிளேன் மரங்களை வெட்டிவிட்டார்கள். ஜூலையில் இரண்டு லிட்டர் தண்ணீராவது கையில் இருக்கட்டும். ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலும் குழாய் இருக்கும். "ஓ நோன் பொத்தாப்ல்" (குடிநீர் அல்ல) என்ற பலகை இருந்தால் குடிக்காதீர்கள், தலையில் ஊற்றிக்கொள்ளலாம்.

ஞாயிறு மதியத்துக்குப் பிறகு சிற்றூர்க் கடைகள் பெரும்பாலும் பூட்டு. பல ஊர்களில் திங்களும் அப்படித்தான்.