பரசிற்றமோல் ஒட்சியேற்றம்: 150 உச்சி நிலைக்கவில்லை

கேள்வி (கொழும்பு 7):
பரசிற்றமோலை ஒட்சியேற்றக் கண்ணாடிக்காபன் மின்வாய்க் கலம், பின்னால் நேரே திணிவு நிறமாலைமானி. ஓட்டம் நிமிடத்துக்கு 10 மைக்ரோலீற்றர், 0–1200 மில்லிவோல்ட் வீச்சு, பொசுபேற்றுத் தாங்கல், பிஎச் 7.4. எம்/இசட் (அயனின் திணிவு–ஏற்ற விகிதம்) 152, அதாவது பரசிற்றமோல், வருகிறது. ஸ்பிரே மின்னழுத்தம் போட்டதும் கலத்தின் மின்னோட்டம் தாறுமாறு. ஒட்சியேறிய விளைபொருளான குயினோனிமைனின் 150 வந்தும் வராமலும். என்ன செய்யலாம்?

பதில் 1:
முதலில் பொசுபேற்றைத் தூக்குங்கள். ஆவியாகாத உப்பு, சமிக்ஞையை அமுக்கும், ஸ்பிரே ஊசி முனையில் வெள்ளையாய்ப் படியும். 10 மில்லிமோலர் அமோனியம் போமேற்று போதும், அமோனியாவால் பிஎச் சரிசெய்யலாம்.

மின்னோட்டம் வேறு கதை. உங்கள் கருவியில் உயர் மின்னழுத்தம் ஊசியிலா? அப்படியென்றால் திரவம் வழியே கலத்துக்குத் திரும்பிவருகிறது. கலத்துக்கும் ஊசிக்கும் நடுவே துருவேறா எஃகு இணைப்பொன்றைப் போட்டு நிலத்தொடுப்புக் கொடுங்கள். இதைச் செய்யாமல், கலத்தின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பொட்டென்சியோஸ்டாட்டைத் திட்டிப் பயனில்லை.

கேள்வியாளர்:
ஊசியில்தான். இணைப்புக்குழாய் 30 செ.மீ., உள்விட்டம் 0.25 மி.மீ.

பதில் 2:
அதுவும் குற்றவாளிதான். கிட்டத்தட்ட 15 மைக்ரோலீற்றர், ஒன்றரை நிமிடத் தாமதம். குயினோனிமைன் அதற்குள் நீர்ப்பகுப்படையத் தொடங்கும். 0.1 மி.மீ. குழாயென்றால் 14 செக்கன்.

குயினோனிமைனோடு இணையும் குளுட்டாதயோனைக் கலத்துக்குப் பிறகு டீ இணைப்பில் விடுங்கள், முன்னால் விட்டால் அதுவே ஒட்சியேறிவிடும். இரண்டும் சேர்ந்த பொருளின் 457 தெரிந்தால் 150 உண்மையானது. மின்வாயை 0.05 மைக்ரோன் அலுமினாவால் மினுக்க மறவாதீர்கள்.